வழிப்பறிக்குப் பயந்து பிறந்த அட்டை



'பயணத்துக்குக் கடன் அட்டை வழித்துணையா, வழிப்பறியா?' என்பது தலைப்பு. நான் வழித்துணை அணி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், வழிப்பறியேதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நான் வட்டி கட்டித் தெரிந்துகொண்டவன். (சிரிப்பு)

நான் குடியிருப்பது நெமிலிச்சேரி. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவிலே ஒரு சின்ன ரயிலடி. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே முதல் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. தையல் மிஷினை மிதித்தே படிக்க வைத்த தாய். அவன் வந்து கேட்டான்: "சார், அம்மாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகணும். பயணத்துக்குப் புள்ளி தர்ற கார்டுல எனக்கு எது சரிப்படும்? இதுதான் முதல் கார்டு."

"தம்பி, கார்டு அப்புறம். அது பிறந்த கதையை முதலில் கேள்" என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பயணம் என்றாலே நம் முன்னோருக்குப் பயம். பாலைத் திணைப் பாட்டைத் திறந்தால் ஆறலைகள்வர் நிற்பார்கள். கோவலன் புகாரிலிருந்து மதுரைக்குப் போனான். கையிலே பணமில்லை, மனைவியின் சிலம்புதான் முதல். அந்தச் சிலம்பை விற்கப் போன இடத்திலே உயிரே போய்விட்டது. பொருளைச் சுமந்துகொண்டு ஊர் விட்டு ஊர் போவதில் அவ்வளவு ஆபத்து!

அதற்கு நம் வணிகர்கள் கண்ட வழிதான் உண்டியல். கோயில் உண்டியல் இல்லை, தாய்மார்களே! நகரத்தார் எழுதிக் கொடுத்த உண்டியல். ரங்கூனிலே பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கினால், இங்கே செட்டிநாட்டிலே அதைக் காட்டிப் பணம் பெறலாம். கப்பலிலே வருவது காகிதம். திருடனுக்கு அதனால் என்ன லாபம்? அதற்கு உண்டான கூலியை முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். ஒளிவு மறைவு கிடையாது.

மேல்நாட்டுக்காரனுக்கும் இதே கவலைதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தலைவர் ஃபார்கோ ஐரோப்பா போனார். பெரிய நகரத்தைத் தாண்டினால் அவருடைய வங்கிக் கடிதத்துக்கு மதிப்பில்லை. கோபத்தோடு திரும்பி வந்தார். 1891-லே பயணிகள் காசோலை பிறந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது ஒரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். 1950-லே நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் வந்தது. அது நிஜமாகவே காகித அட்டை. மாதம் முடிந்தால் மொத்தப் பணத்தையும் கட்டியாக வேண்டும்.

ஆக, இதுவரைக்கும் அட்டை வழித்துணைதான். பாதை எங்கே திரும்பியது தெரியுமா?

1958-லே, கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்கிற ஊரில். பாங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 அட்டைகளைக் கேட்காமலேயே தபாலில் அனுப்பியது. 'முழுசாகக் கட்டவேண்டாம், கொஞ்சம் கட்டு, மிச்சத்துக்கு வட்டி' என்றது. துணையாக வந்தவன் தோளிலே கை போட்டுக்கொண்டான்! 1981-லே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைலுக்குப் புள்ளி என்றது. 1987-லே அந்தப் புள்ளி கடன் அட்டையோடு சேர்ந்துகொண்டது. நம் நாட்டிலே சென்ட்ரல் பாங்க் 1980-லே அட்டை கொடுத்தது. 2006-லே ரயில் டிக்கெட்டுக்குப் புள்ளி தருகிற ஐ.ஆர்.சி.டி.சி. – எஸ்.பி.ஐ. அட்டையும் வந்தது. கேட்காதவனுக்கு அட்டையை அனுப்பக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தன் 2022 விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. ஃபிரெஸ்னோ பாடம் நமக்கும் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

இப்போது என் கதை. 2004-லே குடும்பத்தோடு டில்லி, ஆக்ரா போனோம். எல்லாம் அட்டையிலே. பில் வந்தது. 'குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்' என்றிருந்தது. ஆகா, எவ்வளவு நல்லவர்கள் என்று அதை மட்டும் கட்டினேன். கடன் தீர இரண்டு வருஷம் ஆனது. கடைசித் தவணைக்கு வீட்டுக்காரம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. சேர்ந்த புள்ளிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பணம் வைக்கிற தோல் பர்ஸ்! (சிரிப்பு) அதிலே வைக்கத்தான் பணமில்லை.

இன்றைய கணக்கைச் சொல்கிறேன். 20,000 ரூபாய் செலவு செய்தால், நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், புள்ளியின் மதிப்பு 200 ரூபாய். 1,000 மட்டும் கட்டி 19,000 பாக்கி வைத்தால், மாதம் மூன்றரை சதவீத வட்டியிலே 665 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருநூறு வாங்க எழுநூற்றுக்கு மேலே கொடுக்கிறோம். பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. முழுசாகக் கட்டுகிறவன் வாங்கும் புள்ளிக்கு, கட்டாதவன் தருகிற வட்டியும் துணை நிற்கிறது, ஐயா!

அதனால் அந்தப் பையனிடம் சொன்னேன்: "தம்பி, சங்கப் பாணன் பரிசு வாங்கி வந்த வழியை அடுத்த பாணனுக்குச் சொன்னான். அதற்குப் பெயர் ஆற்றுப்படை. ஆள் சேர்த்தால் ஐநூறு புள்ளி என்று அவன் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் சொல்கிறேன். நீ போவது ரயிலில். விமான மைல் உனக்கு எதுக்கு? நெமிலிச்சேரி ரயிலடியில் ஏறுகிறவனுக்கு ஏர்போர்ட் ஓய்வறை இலவசம் என்றால் யாருக்கு லாபம்? ஆண்டுக் கட்டணம் இல்லாததை, இல்லை மிகக் குறைந்ததைப் பார். புள்ளிக்கு எத்தனை பைசா, எத்தனை நாளில் செத்துப்போகும் என்று கேள். அட்டையைப் போட்டு ரொக்கம் எடுக்காதே. அன்றைக்கே வட்டி ஓடும். கொடுக்க மறுத்தால், வைப்புத்தொகையை ஈடாக வைத்தும் அட்டை வாங்கலாம். முக்கியமாக, காசிச் செலவை முதலில் சேர்த்து வை. பிறகு அட்டையிலே செலவு செய், கெடு நாளுக்கு முன்னால் முழுசாகக் கட்டு."

தமிழிலே அட்டை என்றால் இரண்டு பொருள். ஒன்று காகித அட்டை. இன்னொன்று மலைப்பாதையிலே காலைக் கவ்வி இரத்தம் குடிக்கிற அட்டை. அது கவ்வுவது நமக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தானே விழுந்துவிடும். கெடு நாளுக்குள் முழுப் பணத்தையும் கட்டுவதுதான் அந்த உப்பு. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவனுக்கு அட்டை வழித்துணையே, வழித்துணையே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)