டெட்ராய்ட் முதல் ஒரகடம் வரை: பீட்டுக்குப் பின்னால் யார் கை?

சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே தேய்ந்துவிட்டது. சொல்பவர்கள் எல்லாரும் கார் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ, ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. எல்லாம் சரி. ஆனா டெட்ராய்ட் கார் மட்டும் செய்த ஊர் இல்லையே, பாட்டும் செய்த ஊர். அந்தப் பாதியைப் பற்றி நம்ம பக்கம் யாரும் பேசிப் பார்த்ததில்லை.

இதில் எனக்கு ஆர்வம் வந்த காரணம் எளிது. ரெண்டு வருஷமாக லேப்டாப்பில் ஹிப் ஹாப் பீட் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நாற்பது வயசுக்கு மேல் எதற்கு இது என்று வீட்டில் கேட்கிறார்கள், அது வேறு விஷயம். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஒரு வீட்டுக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கியிருக்கும் டிப்ளமோ பையன்களில் சிலர் போனிலேயே பீட் போடுகிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் இருக்கும் புகார் ஒன்றுதான்: பீட் கரெக்டாத்தான் இருக்கு, ஆனா உயிர் இல்லை. இதற்குப் பதில் தேடித்தான் வரலாற்றுப் பக்கம் போனேன்.

முதலில் டெட்ராய்ட். பெரி கோர்டி என்பவர் 1950-களில் அங்கே ஃபோர்டின் லிங்கன்-மெர்க்குரி அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். வெறும் சட்டமாக உள்ளே வரும் வண்டி மறுமுனையில் முழுக் காராக வெளியேறுவதைப் பார்த்து, பாட்டையும் இப்படியே செய்தால் என்ன என்று யோசித்தார். 1959-ல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் மோடவுன் ஆனது. எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று முடிவு செய்ய வாராவாரம் 'குவாலிட்டி கன்ட்ரோல்' மீட்டிங் வேறு நடத்தினார். நம்ம ஊர் சூப்பர்வைசர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

அந்த லைனில் நின்று வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம். 1960-களில் உலகமே கேட்ட மோடவுன் பாட்டுகளில் பின்னால் இருந்தது இவர்கள் கைதான். ஆனால் மோடவுன் ஆல்பம் உறையில் இவர்கள் பெயர் முதன்முதலாக வந்தது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். அவர்களின் முக்கிய டிரம்மர் பென்னி பெஞ்சமின் அதற்கு 2 வருடம் முன்பே, 1969-ல், இறந்துவிட்டார்.

இந்த 1969-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மர் விஷயத்தில் மறுபடி மறுபடி வரும் வருடம்.

ஹிப் ஹாப் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் தங்கை நடத்திய பார்ட்டிக்கு ரெக்கார்ட் போட்டார். பாட்டில் டிரம் மட்டும் தனியாக வரும் சில நொடிகளில்தான் ஜனம் வெறி பிடித்து ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். அதனால் ஒரே மாதிரி ரெண்டு ரெக்கார்டை ரெண்டு பிளேயரில் வைத்து அந்தச் சில நொடியை மாற்றி மாற்றி ஓட்டினார். அந்தத் துண்டுக்குப் பெயர் 'பிரேக்'. பின்னாளில் சாம்ப்ளர் கருவி வந்ததும் பிளேயர் செய்த வேலையைச் சிப் செய்ய ஆரம்பித்தது.

அந்தப் பிரேக்கை வாசித்தது யார்? கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர். 1969 நவம்பரில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் தனியாக வாசித்த சில நொடிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. பாட்டின் படைப்பாளி என்று பதிவானது ஜேம்ஸ் பிரவுன் பெயர். அந்தச் சாம்ப்ளிங் வழியாக ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி என்று உருப்படியாக எதுவும் வரவில்லை. 2017-ல் இறந்தார். அதே 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவுக்காக கிரெகரி கோல்மன் வாசித்த 4 பார், அதாவது 7 நொடிக்கும் குறைவு, இன்று 'ஏமன் பிரேக்' என்று டிரம் கற்கும் எல்லாருக்கும் தெரியும். கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வீடு இல்லாத நிலையில் இறந்தார் என்கிறார்கள். 2015-ல் ரசிகர்கள் வசூல் செய்து குழுத் தலைவருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மன் அப்போது இல்லை.

இப்போது உயிர் இல்லாத பீட் விஷயத்துக்கு வருவோம்.

பீட் செய்யும் எந்த ஆப்பைத் திறந்தாலும் 16 கட்டம் இருக்கும். கட்டத்தைத் தட்டினால் அங்கே அடி விழும். இந்த 16 கட்டத்தைப் பிரபலமாக்கியது 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் செய்த டிஆர்-808. அந்த மெஷினின் 'ஸ்ஸ்' சத்தத்துக்குப் பின்னால் ஒரு ஃபேக்டரிக் கதை உண்டு. ரோலண்ட் நிறுவனர் காகேஹாஷி வேண்டுமென்றே பழுதான டிரான்சிஸ்டர்களை வாங்கிப் போட்டார். வேறு ஃபேக்டரி 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கிய சரக்கு. பின்னர் செமிகண்டக்டர் தரம் கூடியது, ரிஜெக்ட் கிடைக்காமல் போனது, 1983-ல் 808 நின்றுவிட்டது. செய்தது மொத்தம் 12,000 அளவில்தான். அன்று விலை போகாமல் பழைய சாமான் கடைக்கு வந்தவற்றைத்தான் காசில்லாத ஹிப் ஹாப் பையன்கள் வாங்கினார்கள். ரிஜெக்‌ஷன் சதவீதத்தை வைத்துத் தினமும் திட்டு வாங்கும் ஊரில் இந்தக் கதையை யாராவது போஸ்டராக ஒட்டலாம்.

அதே 1980-ல் அமெரிக்காவில் ரோஜர் லின், நிஜ டிரம் சத்தத்தையே பதிந்து வைத்த எல்எம்-1 மெஷினைக் கொண்டுவந்தார். நாம் கொஞ்சம் முன்னே பின்னே தட்டினாலும் அடியைப் பிடித்து இழுத்துக் கட்டத்தில் உட்கார வைக்கும் வசதி அதில் இருந்தது. இன்று 'குவாண்டைஸ்' என்கிறோம். கூடவே அதற்கு மருந்தாக 'ஸ்விங்' என்ற ஒன்றையும் வைத்தார். கணக்கு சின்னது. நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 667 மில்லிசெகண்ட், பாதித் துடிப்பு 333. அந்தப் பாதிக்குள் ரெண்டு அடி. ரெண்டாவது அடி சரியாக நடுவில், 167-ல் விழுந்தால் ஸ்விங் 50 சதவீதம், அதாவது ஸ்விங்கே இல்லை. 54 சதவீதம் என்றால் 180-ல் விழும். 58 என்றால் 193. வித்தியாசம் 13-லிருந்து 27 மில்லிசெகண்ட். காதுக்குத் 'தாமதம்' என்று தெரியாது, ஆனால் தலை ஆட ஆரம்பிக்கும். 1988-ல் லின் அகாய் கம்பெனியோடு சேர்ந்து செய்த எம்பிசி60 இதை ஹிப் ஹாப்பின் நடையாகவே ஆக்கிவிட்டது.

அதையும் உடைத்தது டெட்ராய்ட்காரர் ஒருவர்தான்: ஜே டில்லா. அதே வரிசையில் வந்த எம்பிசி3000-ல் பல சமயம் குவாண்டைஸைக் கழற்றிவிட்டு விரலால் வாசித்தார். கிக் ஒரு பக்கம், ஸ்நேர் ஒரு பக்கம், ஹை-ஹேட் இன்னொரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தன் நேரத்தில் நடக்கும், ஆனால் கூட்டாக விழாது. அசெம்பிளி லைன் ஊரில் இருந்துகொண்டு டாக்ட் டைமை மதிக்காத பீட்! 2006 பிப்ரவரியில் 'டோனட்ஸ்' ஆல்பம் வந்த 3 நாளில், 32 வயதில் இறந்தார்.

2006 நமக்கும் விசித்திரமான வருடம்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது அந்த வருடம் (2014 நவம்பரில் மூடியது எல்லாருக்கும் தெரியும்). மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம் வந்ததும் அந்த வருடமே. தமிழ் ஹிப் ஹாப்பைப் பரவலாகக் காதில் போட்டது அதிலிருந்த 'மடை திறந்து'. அதுவோ இளையராஜாவின் 1980-ம் ஆண்டு 'நிழல்கள்' படப் பாட்டின் மறுபிறவி. அதற்கு முன் 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' இருக்கிறது என்று சண்டைக்கு வருவீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மெஷின் நம்மிடம் முன்பே வந்துவிட்டது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் இசைக் கணினியைப் பயன்படுத்தினார். (வல்லம் வடகால் யமஹா ஃபேக்டரியிலிருந்து வரும் பைக்கின் சின்னத்தைக் கவனியுங்கள், மூன்று இசைக்கவை. ஆர்மோனியத்துக்கு உறவான ரீட் ஆர்கனில் 1887-ல் தொடங்கிய கம்பெனி; பைக் பிரிவு 1955-ல்தான் பிரிந்தது.) ரோலண்டின் ஆக்டாபேட் 1985-ல் வந்து, பிறகு நம்ம மெல்லிசைக் குழு மேடைகளில் நிலைத்துவிட்டது. ஒரே ஆள், எட்டு பேட். தவில், உடுக்கை, பறை எல்லாம் அதிலேயே. கல்யாண மேடையில் நாலு பேர் செய்த வேலை ஒருவருக்கு வந்தது. மீதி மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்று நாங்கள் எல்லாரும் இறக்கும் 'குத்து லூப்' தொகுப்புகளும் இந்த வழியில் வந்தவைதான். ஃபைல் பெயரில் வேகம் இருக்கும், 'சாவுக்குத்து' என்று ஒரு எண் இருக்கும். யார் அடித்தது என்று இருக்காது. எல்எம்-1-ல் பதிந்த சத்தங்களை வாசித்தவர் ஆர்ட் வுட் என்று இன்று கூகுளில் கிடைக்கிறது. நம்ம லூப்பில் பறை அடித்தவர் பெயர் எங்கும் கிடைக்காது. அமெரிக்காவில் அது கம்பெனி செய்த வேலை. இங்கே சாதியும் சேர்ந்து செய்கிறது. சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று வைத்திருந்த ஊரில், அடிப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே இருந்ததில்லை.

அதனால்தான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முக்கியம் என்று நினைக்கிறேன். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6-ல் சென்னையில் முதல் மேடை. அறிவு, இசைவாணி பெயர்கள் பிரபலமாகின. நான் சொல்ல வருவது பின்வரிசையை. சட்டி - சரத், கட்டை மோளம் - கௌதம், பறை, தவில் - நந்தன், டோலக் - தரணி. ராப்புக்குப் பின்னால் சாவு மேளத்துக் கருவிகள் மேடையிலேயே, வாசிப்பவர் பெயரோடு.

உயிர் எங்கே இருக்கிறது என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. பறையில் ரெண்டு குச்சி: நீளமாக மெலிந்த சுண்டுக்குச்சி, குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. ஒன்று சட்டென்று சொடுக்கும், ஒன்று ஆழமாக விழும். ரெண்டும் ஒரே நொடியில் விழுவதே இல்லை, அந்த இடைவெளிதான் ருசி. போதாததற்குத் தோல். தீயில் காய்ச்சினால் சுருதி ஏறும், அடிக்க அடிக்க இறங்கும். லூப்பில் ஒரே சூட்டில் அடித்த ஒரே அடி ஆயிரம் தடவை வருகிறது. பிறகு ஏன் பிணம் மாதிரி இருக்கிறது என்று கேட்கிறோம்.

போன மாசி மாதம் ஒரகடம் பக்கத்துக் கிராமத்துப் பறைக் கலைஞர் ஒருவரை வைத்து நானே பதிவு செய்தேன். ரூமுக்குள் தீ மூட்ட முடியாது, அதனால் ஏரிக்கரை. ஷிஃப்ட் பஸ் ஹாரன் பாதியைக் கெடுத்தது. ஒரு மணி நேரத்தில் உருப்படியாகத் தேறியது 40 நொடி. 92-ல் தொடங்கியவர் 101-ல் முடித்திருந்தார், எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. நான் அதை இழுக்கவில்லை. கிக்கையும் பாஸையும் அவர் அடிக்கு ஏற்ப நகர்த்தினேன். வேலை அதிகம், ஆனால் முதல்முறையாகத் தலை ஆடியது.

பதிவுக்கு முன்னால் சட்டத்தையும் படித்தேன். 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்துக்குப் பிறகு நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் பதிந்து பயன்படுத்தக்கூடாது, இன்றைய நிலையில் 50 வருடம் செல்லும். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், வாசித்தவர் இவர் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையையும் கொடுத்தது. ஸ்டபிள்ஃபீல்டுக்கு எட்டாத அந்த உரிமை நம்ம ஊர்க் கலைஞருக்குக் காகிதத்திலாவது இருக்கிறது. அதனால் தமிழில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டோம்: அன்றைக்கு என்ன கூலி, பாட்டு சம்பாதித்தால் என்ன பங்கு, பெயர் எங்கே வரும். கோயில் கொடைக்கு ஒரு நாளைக்கு அவர் வாங்கும் தொகையையே கூலியாக வைத்தோம்.

பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார், அடி அவரிடம் கற்றதாம். போட்டிருக்கிறேன். ஃபைல் பெயர் கொஞ்சம் நீளமாகிவிட்டது, விண்டோஸ் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.