வீட்டைக் காத்தவர் யார்?

அடுப்படியிலே ஓர் ஒற்றன்! ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருக்கிறான். மாமி மருமகளைக் கடிந்து பேசினால் கேட்டுக்கொள்கிறான். கடன் கேட்டு வந்தவனிடம் வீட்டுக்காரன் கூறும் பொய்யைக் குறித்துக்கொள்கிறான். உலையிலே அரிசி குறைந்த நாளையும் அறிவான். ஊரார் பொருள் உள்ளே வந்த நாளையும் அறிவான். ஆண்டு முடியப்போகும் வேளையிலே புறப்படுகிறான் மேலுலகுக்கு. அங்கே அரியணையில் வீற்றிருக்கும் வானுலக வேந்தனிடம், வீட்டாரின் நிறை குறை அத்தனையும் ஒப்புவிக்க!

வியட்நாம் மக்கள் வழிவழியாகப் போற்றிவரும் அடுப்புத் தெய்வத்தின் கதை இது. ‘ஓங் டாவ்’ என்பது அந்தத் தெய்வத்தின் பெயர். நிலவைக் கொண்டு திங்களை எண்ணும் அவர்களது ஆண்டிலே, பன்னிரண்டாம் திங்கள் 23-ஆம் நாள் அந்தத் தெய்வத்துக்கு வழியனுப்பு விழா. ‘டெட்’ என்னும் புத்தாண்டு பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு. தாளிலே தொப்பி செய்கிறார்கள். தாளிலே உடை செய்கிறார்கள். படைத்து, எரித்து, அனுப்புகிறார்கள். ஏறிச் செல்ல ஊர்தி வேண்டாமா? இருக்கிறது, கெண்டை மீன்! உயிருள்ள கெண்டையைக் கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோ விடுகிறார்கள். அது பறக்கும் நாகமாக உருமாறி வானேறும் என்பது நம்பிக்கை. ஆண்டின் கடைசி இரவிலே தெய்வம் திரும்பி வந்து, மறுபடியும் அடுப்படியிலே அமர்ந்துகொள்ளும்.

சீனத்திலும் உண்டு இந்த ஒற்றன். அங்கே அவனுக்கு ஒட்டிக்கொள்ளும் இனிப்புப் பண்டம் படைப்பார்கள். அவன் படத்தின் வாயிலே தேனைத் தடவுவார்கள். வாய் இனித்தால் நல்லதைச் சொல்வான். வாய் ஒட்டிக்கொண்டால் எதையுமே சொல்லமாட்டான்!

சிரிக்கிறோம். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால், அந்தச் சிரிப்பின் ஊடே ஒன்றைக் காணத் தவறக்கூடாது. அதிகாரியின் வாயை இனிப்பால் அடைக்கும் கலையை மக்கள் விண்ணிலே கற்கவில்லை, மண்ணிலேதான் கற்றார்கள். வரி வாங்க வந்தவனுக்கும், வழக்கு விசாரிக்க வந்தவனுக்கும் கொடுத்துப் பழகிய கை, கடவுளுக்கும் அதையே நீட்டிற்று. அரண்மனையிலே கண்ட முறையை ஆண்டவன் சந்நிதிக்கும் ஏற்றிவிட்டனர். அவ்வளவுதான்.

“அரூரிலே இருந்துகொண்டு, கடல் கடந்த நாட்டின் அடுப்பைப் பற்றி ஏன் பேசவேண்டும்?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அந்த அடுப்புக்கும் மூன்று கல். நம் அடுப்புக்கும் மூன்று கல்!

மூன்று கற்கள் எப்படித் தெய்வமாயின என்பதற்கு வியட்நாமியர் கூறும் கதையைக் கேளுங்கள். கணவனும் மனைவியும் பிரிந்தனர். அவள் வேறொருவனை மணந்தாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு முதற்கணவன் பிச்சைக்காரனாக அவள் வாசலுக்கே வந்து நிற்கிறான். அவள் சோறிடுகிறாள். இரண்டாம் கணவன் வரும் அரவம் கேட்டு, பழையவனை வைக்கோற்போரிலே மறைக்கிறாள். வயலுக்குச் சாம்பல் வேண்டும் என்று, ஏதுமறியாத இரண்டாம் கணவன் போருக்குத் தீ வைக்கிறான். அவளுக்குக் கேடு வரக்கூடாது என்று வாய் திறவாமலே வெந்து மடிகிறான் உள்ளேயிருந்தவன். அதைக் கண்டு அவளும் தீயில் குதிக்கிறாள். அவளை இழக்க மனமின்றி இரண்டாம் கணவனும் குதிக்கிறான். மூவரும் மூன்று கல்லாயினராம், அடுப்பாயினராம், தெய்வமாயினராம்.

நெருப்பிலே ஒரு பெண் வீழ்கிறாள், வீழ்ந்ததும் தெய்வமாகிறாள்! நமக்குப் புதிதா இந்தச் செய்தி? தீப்பாய்ந்த அம்மன் என்று நம் நாட்டிலே கோயில்கள் இல்லையா? நம் பக்கத்து நடுகற்களிலே வீரனுக்கு அருகே, வளையணிந்த கையை உயர்த்தி நிற்கும் பெண்ணுருவத்தை நாம் பார்த்ததில்லையா? மாண்ட கணவனோடு எரிந்த மங்கை அவள். எரிந்த பின்னர் அவளுக்கு மாலை, மஞ்சள், படையல். எரியும்போது எழுந்த குரலுக்கு? பறையொலி! 1829-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பெண்டிங்க் வங்காளத்தில் உடன்கட்டையைத் தடைசெய்தார். 1830-இல் சென்னை மாகாணத்திலும் தடை வந்தது. சட்டம் வந்து தடுக்கும்வரை, தெய்வமாக்கியவர்கள் யாரும் தடுக்க வரவில்லை. உயிரோடு இருந்தவளுக்கு உரிமை தராதவர்கள், சாம்பலானவளுக்குச் சந்நிதி தந்தார்கள்!

ஐரோப்பாக் கண்டத்துக்குச் செல்வோம். பண்டைய ரோமாபுரியிலும் வீடுதோறும் காவல் தெய்வங்கள் இருந்தன. ‘லாரெஸ்’ என்பர் அவற்றை. ஆண்டு மாறும் வேளையிலே, டிசம்பர் இறுதிக்கும் ஜனவரி தொடக்கத்துக்கும் இடையே, ‘கொம்பிதாலியா’ என்றொரு விழா எடுத்தனர். முந்திய இரவிலே நாற்சந்தியில் இருக்கும் சிறு கோயிலில் கம்பளி நூலால் செய்த பொம்மைகளைத் தொங்கவிட வேண்டும். வீட்டிலே எத்தனை பேரோ அத்தனை. ஆனால் அந்தக் கணக்கைச் சற்றே உற்று நோக்குங்கள். உரிமையுள்ள மனிதன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பொம்மை; அடிமை ஒவ்வொருவனுக்கும் ஒரு நூலுருண்டை! பொம்மைக்குத் தலை உண்டு, கை உண்டு, கால் உண்டு. உருண்டைக்கு? ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டியவன் அடிமை. தண்ணீர் சுமந்தவன் அடிமை. ஆனால் வீட்டுத் தெய்வத்தின் கணக்கேட்டிலே அவனுக்கு முகமே கிடையாது. மனிதன் வகுத்த பேதத்தைத் தெய்வமும் அப்படியே படி எடுத்துக்கொண்டது!

இனி, நம் ஊருக்கு வருவோம்.

மார்கழியின் கடைசி நாள். அரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் காப்புக்கட்டு. வெள்ளைப் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ, பச்சை வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கூரை எரவானத்திலே செருகுகிறார்கள். வீடு மெழுகப்படுகிறது, சுவர் வெளுக்கப்படுகிறது. மறுநாள் வாசலிலே மூன்று கல் கூட்டிப் புதுப்பானை. அதற்கடுத்த நாள் மாடுகளுக்கு. வீட்டிலே இறந்தவர்களை எண்ணி இலை போட்டுப் படைக்கும் குடும்பங்களும் உண்டு. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டது. சட்டம் வரலாம், போகலாம். களத்து நெல் வீட்டுக்கு வந்து சேரும் நாள்தான் உழவனுக்கு ஆண்டு திரும்பும் நாள். அதை எந்த அவையும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காப்பு! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வீட்டைக் காக்க வேண்டும் என்னும் கவலையிலே பிறந்த சொல் அது. நோய் வருமே, மழை பொய்க்குமே, மாடு களவு போகுமே என்று நடுங்கிய மனிதன், காப்பவன் ஒருவனைத் தேடினான். வியட்நாமிலும் தேடினான், ரோமிலும் தேடினான், அரூரிலும் தேடினான். தேடியவனைக் குறை கூறமாட்டோம் நாம். ஆனால், அவன் கண்டெடுத்த காவலன் யார்? நம் மண்ணிலே அதற்கு விடை கல்லிலேயே இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலே ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் காணலாம். உள்ளே போய்ப் பார்த்தால், பல இடங்களிலே தெய்வமென்று நிற்பது ஒரு நடுகல். வில்லேந்திய, அல்லது வாளேந்திய ஒரு மனிதன். அவன் விண்ணிலிருந்து வந்தவனல்லன். மாட்டை ஓட்டிச்சென்ற பகைவரை மறித்து, மீட்டு, அம்பு பட்டு மடிந்த ஊர்க்காரன். தொல்காப்பியம் அந்தக் கல்லை நடும் முறையையே ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது: கல்லைத் தேர்ந்து காணல், எடுக்கத் தொடங்கல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல். நடுகல்லைத் தவிர நெல் தூவி வணங்கத்தக்க கடவுள் வேறில்லை என்ற கருத்தை மாங்குடி கிழார் புறநானூற்றின் 335-ஆம் பாட்டிலே வைத்தார்.

செங்கம் பக்கத்து எடுத்தனூரிலே ஒரு கல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதிலே வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய்! கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். காத்தது நாயானாலும் அதன் பெயரைக் கல்லிலே வெட்டி நன்றி காட்டிய மக்கள், நம் முன்னோர். அந்த நன்றியை நாம் வணங்குகிறோம், தயக்கமின்றி வணங்குகிறோம்.

நன்றி எப்போது அச்சமாயிற்று? அந்தக் கற்களிலே பல எழுத்துடையவை. எந்த மன்னனின் எந்த ஆட்சியாண்டு, எந்த ஊர், எவருடைய மாடு, மாண்டவன் பெயர் என்ன என்று தெளிவாகவே எழுதி வைத்தனர். ஆனால் அடுத்தடுத்த தலைமுறைகளிலே ஏடு எடுக்கும் உரிமை ஒரு சிலர்க்கே என்றாயிற்று. பேரனுக்குப் பாட்டனின் பெயரைப் படிக்கத் தெரியவில்லை. எழுத்து மறைந்தது, எண்ணெய் ஏறிற்று. பெயர் போயிற்று, பயம் வந்தது. காத்தவன் என்று நட்ட கல், காவு கேட்கும் என்று நடுங்க வைக்கும் கல்லாயிற்று. 1972-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. அந்நூலின் பக்கங்களிலேதான், தெய்வமென்று நின்றவர்கள் மறுபடியும் பெயருள்ள மனிதர்களாக எழுந்து வந்தனர்.

படையலைப் பற்றிய ஐயம் நேற்றுப் பிறந்ததல்ல. நம் தருமபுரி, அன்று தகடூர். அதன் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டான். அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னஞ்சிறு கலத்திலே கள்ளை வார்க்கிறார்கள். பார்த்து நிற்கிறார் ஔவையார். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் ஏற்காத மானமுடையவனாயிற்றே, இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். புறநானூறு 232-ஆம் பாட்டு அது. கண்ணீரிலே பிறந்த கேள்விதான். ஆயினும் கேள்வி, கேள்வியே! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு, இதே தகடூர் மண்ணிலே, ஒரு பெண் கேட்டார். கல் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்க இன்று நமக்கு ஏன் நா எழவில்லை?

காவல் தெய்வம் காக்கும் என்று கைகட்டி இருந்துவிட்டால் என்ன ஆகும்? அரூர் வட்டத்தின் அண்மைக்கால வரலாறு விடை கூறும். சித்தேரி மலையடியிலே இருக்கிறது வாச்சாத்தி. மலைவாழ் மக்களின் சிற்றூர். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் உள்ளே புகுந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர். பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன; தானியம் பாழாக்கப்பட்டது; கால்நடைகள் கொல்லப்பட்டன; கிணற்று நீரும் கெடுக்கப்பட்டது. எரவானத்துக் காப்பு தடுக்கவில்லை. எந்தக் கல்லும் வாளை உருவிக்கொண்டு வரவில்லை. காக்க வேண்டிய அரசின் ஆட்களே கயவராய் வந்த நாளில், வீட்டைக் காக்க விண்ணிலிருந்து யாரும் இறங்கவில்லை.

பிறகு யார் வந்தார்கள்? மனிதர்கள் வந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வந்தது. அந்தப் பெண்களே எழுந்தனர். அச்சுறுத்தலுக்கும் இகழ்ச்சிக்கும் நடுவே, “இவன்தான்” என்று சுட்டிக் காட்டினர். 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயினர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். 2023-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 29-ஆம் நாள், தண்டனை உறுதியாயிற்று. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்ச ரூபாய் இழப்பீடு தர ஆணையும் பிறந்தது.

முப்பத்தோர் ஆண்டுகள்! காப்பு என்றால் இதுவன்றோ காப்பு? பண்டைக்காலத்திலே கரந்தை சூடி மாடு மீட்டவனுக்குக் கல் நட்டோம். நம் காலத்திலே, மாளாத துணிவோடு மானத்தை மீட்ட அந்தப் பெண்களும் கரந்தை மறவரே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்களைத் தெய்வமாக்கி ஒதுக்கிவிடக் கூடாது நாம். தெய்வமாக்கினால், “அது தெய்வத்துக்குத்தான் ஆகும், நம்மால் ஆகுமா?” என்று அடுத்த தலைமுறை அமர்ந்துவிடும். மனிதராகவே வைத்துப் போற்றினால், “அவர்களால் ஆனது, நம்மாலும் ஆகும்” என்று எழுந்து நிற்கும்.

தை பிறக்கும்போது பூளைப்பூ செருகட்டும், புதுப்பானை பொங்கட்டும், மாட்டின் கொம்புக்கு வண்ணம் ஏறட்டும். உழைப்புக்கு நன்றி கூறும் விழாவை நாம் ஏன் வெறுக்கவேண்டும்? ஆனால் தோழர்களே, பொங்கற் சோற்றை இலையிலே இடும்போது வீட்டுச் சிறுவர்களை அருகே அழைத்து, ஊர்க்கோடியிலே நிற்கும் அந்தக் கல்லைக் காட்டுங்கள். அது வாங்கும் தெய்வமன்று, வழங்கிய மனிதன் என்று சொல்லுங்கள். அதிலே எழுத்து இருந்தால் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கோவிவன் என்ற நாயின் கதையைச் சொல்லுங்கள். ஔவை கேட்ட கேள்வியைச் சொல்லுங்கள். வாச்சாத்திப் பெண்கள் நீதிமன்றப் படியேறியதைச் சொல்லுங்கள். அடுப்படியிலே ஒற்றன் இருக்கிறான் என்று அஞ்சி வளரும் பிள்ளை, தேன் தடவக் கற்றுக்கொள்ளும். காத்தவர் மனிதர் என்று அறிந்து வளரும் பிள்ளை, காக்கக் கற்றுக்கொள்ளும்.