நடைக்கு ஏற்ற முதுகுப்பை: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பரந்தன் – முல்லைத்தீவு வீதி கண்டாவளைப் பிரதேசத்தின் ஊடாகப் போகிறது. வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களை இந்த வீதியில் காணலாம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களும் வன்னியைக் கடந்தே திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று இறங்குகிறார்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நடந்து போகும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. சுண்டிக்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகும் இளைஞர்கள், காலையில் இரணைமடு அணைக்கட்டில் நடப்பவர்கள் என்று ஒருநாள் நடைக்காரரும் இப்போது கூடியிருக்கிறார்கள்.

இதே வீதியால்தான் 2009 ஜனவரியில், பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமான நாட்களில், சனம் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தது. உரப்பை, சீலைப் பொட்டலம், பிள்ளையின் புத்தகப்பை என்று கையில் அகப்பட்டதில் எல்லாம் வாழ்க்கை அடைக்கப்பட்டது. அந்தப் பாரம் சுமந்த தோள்களில் சில இன்றும் செல் துண்டுகளோடு இருக்கின்றன. பலர் செயற்கைக் காலோடு நடக்கிறார்கள். முதுகு நோ இல்லாத வீடு குறைவு. ஆகவே நடைக்கு எந்தப் பை நல்லது என்ற கேள்வி இங்கே விளையாட்டுப் பொருள் வாங்குகிறவரின் கேள்வி மட்டும் அல்ல. பிழையான பை ஒரு நாள் நடையை ஒரு வார நோவாக மாற்றிவிடும்.

எத்தனை லீற்றர் பை?

முதுகுப்பையின் அளவை லீற்றரில் சொல்வார்கள். காலை போய் மாலை திரும்பும் நடைக்கு 15 முதல் 25 லீற்றர் போதும். ஓர் இரவு கோவில் மடத்திலோ பாடசாலை மண்டபத்திலோ தங்குவதானால் 30 முதல் 40 லீற்றர். பல நாள் யாத்திரைக்கு 45 முதல் 60 லீற்றர். அதற்கு மேல் வேண்டியதில்லை. பெரிய பையில் இடம் இருந்தால் மனம் அதை நிரப்பிவிடும். நிரப்பிய பிறகு சுமப்பது முதுகு.

கதிர்காம யாத்திரையில் ஊர்கள் வழியே நடக்கும்போது அன்னதானமும் தண்ணீரும் கிடைக்கும். உகந்தை மலை முருகன் கோவிலைத் தாண்டி, குமண, யால காடுகளுக்குள் இறங்கிய பிறகு நிலைமை வேறு. அங்கே பல நாட்களுக்கு உணவும் குடிநீரும் பெரும்பாலும் முதுகில்தான். முழு யாத்திரையும் போகிறவர் பையைத் தெரிவு செய்யும்போது இந்தக் காட்டுப் பகுதியை நினைத்தே தெரிவு செய்ய வேண்டும்.

உயரத்தைப் பார்க்காதீர்கள், முதுகை அளவுங்கள்

ஆறடி மனிதருக்கும் குட்டை முதுகு இருக்கலாம். பை பொருந்துவது முதுகின் நீளத்தில்தான் தங்கியிருக்கிறது. அதை வீட்டிலேயே அளக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது மேல் புள்ளி. இரு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல் வைத்து, பெருவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். இரு விரல்களுக்கும் நடுவே முள்ளந்தண்டில் வரும் இடம் கீழ்ப் புள்ளி. தையல்காரரின் அளவு நாடாவால் இன்னொருவர் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். பொதுவாக 40 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சிறிய அளவுப் பை, 40 முதல் 47 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. கொம்பனிக்குக் கொம்பனி சிறு வித்தியாசம் உண்டு. முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கக்கூடிய பை கிடைத்தால் வீட்டில் இருவர் மூவர் மாறி மாறிப் பாவிக்கலாம்.

பாரம் இடுப்பில் இறங்க வேண்டும்

தோள் பட்டி பையை முதுகோடு அணைத்து வைக்கத்தான். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது இடுப்புப் பட்டி. தோளும் கழுத்தும் சிறிய தசைகள். இடுப்பும் தொடையும் உடம்பின் பலமான பகுதிகள். தண்ணீர்க்குடத்தை இடுப்பில் இடுக்கி நடக்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்து கிலோவுக்குக் குறைந்த பாரத்துக்கு மெல்லிய இடுப்புப் பட்டி போதும். அதற்கு மேல் என்றால் பஞ்சு வைத்த அகலமான பட்டியும், மடங்காத முதுகுப் பலகையோ கம்பியோ கொண்ட பையும் தேவை. சாதாரண புத்தகப்பையில் தையல்காரரிடம் கொடுத்து நைலோன் நாடா ஒன்றைப் பூட்டுவிக்கலாம். ஆனால் அது பை ஆடாமல் பிடிக்குமே தவிர, பாரத்தை இடுப்புக்கு இறக்காது. அதற்கு முதுகுப் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும்.

பை போடும் ஒழுங்கும் முக்கியம். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டியை இடுப்பு எலும்பின் மேல் வைத்து இறுக்குங்கள். வயிற்றில் இறுக்கினால் மூச்சு முட்டும். பிறகு தோள் பட்டிகளை, தோளை அழுத்தாத அளவுக்கு இழுங்கள். தோளுக்கு மேலே சிறிய பட்டி இருந்தால் அதைச் சற்று இழுத்து, பையின் தலைப்பகுதியை உடம்போடு சேருங்கள். கடைசியாக நெஞ்சுப் பட்டி. அது காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கட்டும்.

எவ்வளவு பாரம்?

ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. பல நாள் நடையில், பழகிய சுகதேகிக்கு ஐந்தில் ஒரு பங்கு மேல் எல்லை. அறுபது கிலோ உள்ளவருக்கு ஒருநாள் பாரம் 6 கிலோ. அதை இப்படி நிரப்பலாம்: வெறும் பை 800 கிராம், தண்ணீர் 2 லீற்றர் என்றால் 2 கிலோ, சாப்பாடு 700 கிராம், மாற்று உடுப்பு 800 கிராம், துவாயும் போர்வையும் 500 கிராம், மருந்து, ரோச் லைற், அடையாள அட்டை, கைத்தொலைபேசி எல்லாம் சேர்ந்து 500 கிராம். மொத்தம் 5.3 கிலோ. மிச்சம் உள்ள 700 கிராமை விட்டுவையுங்கள். வழியில் யாரும் ஒரு தேங்காயோ பிரசாதமோ தராமல் விடமாட்டார்கள்.

வன்னி வெயிலில் குறைக்கக் கூடாத ஒன்று தண்ணீர். மணிக்கு அரை லீற்றர் என்று கணக்கு வையுங்கள். குறைக்க வேண்டியது சாப்பாட்டின் பாரத்தை. புழுக்கொடியல், பனாட்டு, பொரிமா, அவல் ஆகியவை பாரம் குறைந்தவை, பழுதாகாதவை. தகரத்தில் அடைத்த மீனைவிட இவை நடைக்கு நல்லவை.

அடுக்கும் முறை

பாரமான பொருள் முதுகை ஒட்டி, பையின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். அடியில் போர்வை, உடுப்பு. மேலே மழை அங்கியும் மருந்தும். பாரத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னே இழுக்கும். அதை ஈடுகட்ட நீங்கள் முன்னே குனிவீர்கள். மாலையில் நாரி பிடிக்கும். இரு பக்கமும் பாரம் சமமாக இருக்கட்டும். ஒரு பக்கம் தண்ணீர்ப் போத்தல் என்றால் மறுபக்கமும் ஒன்று.

மழைக்கு வெளியுறை மட்டும் போதாது. முதுகுப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். பைக்குள் தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து அதற்குள் பொருளை வைத்தால் ஆற்றைக் கடக்கும்போதும் உடுப்பு நனையாது. அந்தப் பொலித்தீனைக் காட்டில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

காயப்பட்ட உடம்புக்கு

கடைக்காரர் சொல்லாத விடயங்கள் இவை.

தோளிலோ முதுகிலோ செல் துண்டு இருப்பவர்கள், பட்டி எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதைக் கண்ணாடி முன் பார்க்க வேண்டும். பட்டியை ஒரு விரல் உள்ளேயோ வெளியேயோ தள்ளினாலே பெரும்பாலும் நோ குறையும். தேவைப்பட்டால் காயத் தழும்பைச் சுற்றி வட்டமாகப் பஞ்சு வைத்து, நடுவை வெறுமையாக விடுங்கள். கை விறைத்தாலோ விரல்கள் மரத்தாலோ பையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின்பும் அது நீங்காவிட்டால் வைத்தியரைக் காணுங்கள். அதைப் பழகிய நோ என்று விட்டுவிட வேண்டாம்.

செயற்கைக் கால் பாவிப்பவருக்கு முதுகில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் காலின் எஞ்சிய பகுதியில் அழுத்தமாக இறங்கும். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கிலும் குறைத்து, மூன்று நான்கு கிலோவோடு தொடங்குங்கள். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களின் செயற்கைக் காலில் இடுப்பைச் சுற்றிப் பட்டி இருந்தால், பையின் இடுப்புப் பட்டி அதன்மேல் ஏறி உரசும். அவர்கள் பையையும் செயற்கைக் காலையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நடையின்போது மணிக்கொரு தடவை நின்று, காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, உறையை மாற்ற வேண்டும். மேலதிக உறைகளும் துணியும் பையின் மேல் அறையில் இருக்கட்டும். நீண்ட யாத்திரைக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் போன்ற ஓரிடத்தில் காலின் பொருத்தத்தைக் காட்டிக்கொள்வது நல்லது.

ஒரு கையால் இயங்குபவர்கள் பட்டியின் கிளிப்பை ஒரு கையால் பூட்டிக் கழற்றிப் பார்த்தே வாங்க வேண்டும். சிப்பின் நுனியில் கயிற்று வளையம் ஒன்று கட்டினால் விரல் போட்டு இழுக்கலாம். பையைக் கதிரையிலோ மதகிலோ வைத்து, அதன் முன் இருந்து தோளில் மாட்டி எழும்புவது, நிலத்திலிருந்து தூக்குவதைவிட இலகு.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பை வேண்டாம். இருபத்தைந்து கிலோப் பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ போதும். பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளையின் புத்தகப்பையையும் ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள்.

கடையில் செய்யும் சோதனை

தோள் பட்டியின் பஞ்சைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நெரியுங்கள். இரண்டு விரலும் ஒன்றை ஒன்று உணர்ந்தால் அந்தப் பஞ்சு ஒரு மாதம் தாங்காது. பட்டி பையோடு சேரும் இடத்தில் பெட்டியும் குறுக்குக் கோடுமாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பை முதலில் அறுவது அந்த இடத்தில்தான். வாங்கிய அன்றே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அதை இன்னொரு தடவை தைப்பித்தால் பையின் ஆயுள் கூடும். சிப்பை மூலைகளில் ஓட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கம் வலை இருந்து காற்றுப் போனால் இந்த வெயிலுக்கு நல்லது.

வெறும் பையைப் போட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. கடையில் உள்ள தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி உள்ளே வைத்துப் பத்து நிமிடம் நடவுங்கள். தோள் நோகிறதா, பை ஆடுகிறதா, தலையை நிமிர்த்தினால் முட்டுகிறதா என்பது அதற்குள் தெரியும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். இராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளிப் பைகள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். வீணான கேள்விகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. வீதியோரம் நடப்பவருக்கு மஞ்சள், செம்மஞ்சள் போன்ற தூரத்தில் தெரியும் நிறமே பாதுகாப்பு.

பையை இறக்கும் இடம்

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி பல வருடங்களாகத் தொடர்ந்து வருகிறது. இளைப்பாறப் பையை இறக்கும்போது சனம் புழங்கும் இடத்திலேயே இறக்குங்கள். எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள பற்றைக்குள் நிழல் தேடிப் போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, 119 இலக்கத்தில் பொலிஸாருக்கு அறிவியுங்கள். பையைத் தரையில் விடாமல் கொப்பில் கொழுவினால் பாம்பு, தேள் உள்ளே போகாது. காட்டுப் பாதையில் தங்கும் இரவில் அரிசியும் உப்பும் உள்ள பையைத் தலைமாட்டில் வைக்க வேண்டாம். யானை அந்த வாசனைக்கு வரும்.

வருடம் முழுக்கப் பயன்

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியான இரவில் தேடிப் பொறுக்க நேரம் இராது. யாத்திரை முடிந்து வந்ததும் பையைக் கழுவி நிழலில் காயவிட்டு, மாரி தொடங்குமுன் வேறு பொருட்களால் நிரப்பி வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவை பொலித்தீனுக்குள், கிளினிக் கொப்பியும் ஒரு வார மருந்தும், ரோச் லைற், ஒரு மாற்று உடுப்பு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களும் முறைப்பாட்டுப் பிரதிகளும் உள்ள வீடுகளில் அவற்றையும் இதற்குள் வைக்க வேண்டும். 2009இல் பல குடும்பங்கள் உறுதியையும் சான்றிதழையும் தொலைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்காகக் கந்தோர் ஏறி இறங்கின.

பை ஐந்து கிலோவுக்கு மேற்படாமல், கதவுக்கு அருகே, தண்ணீர் எட்டாத உயரத்தில் தொங்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.