வகுப்பினுள் வகுப்பு

குச்சவெளி எங்குள்ளது என்று வினவினால், திருகோணமலை மாவட்டத்தில் என்போம். அம்மாவட்டம் கிழக்கு மாகாணத்துள் அடங்கும். மாகாணமோ இலங்கையுள் அடங்கும். சிறியதைப் பெரியதனுள் அடக்கி வைக்கும் இம்முறை கணினிச் செய்நிரலிலும் உண்டு. அதனை வகுப்பினுள் வகுப்பு அமைத்தல் என்பர். அதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

வகுப்பு என்பது ஒரு வார்ப்பு. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிச் செய்நிரல் எழுதுவோர், கப்பலின் பெயர், நீளம் முதலிய விவரங்களையும், நங்கூரமிடுதல் முதலிய செயல்களையும் ஒருங்கே சேர்த்துக் 'கப்பல்' என்னும் வகுப்பை ஒருமுறை வரைந்தாற் போதும். அவ்வார்ப்பிலிருந்து வேண்டிய அளவு கப்பல்களைக் கணினியில் ஆக்கலாம். அவ்வாறு ஆக்கப்படும் ஒவ்வொன்றும் 'பொருள்' எனப்படும்.

இதற்கு வித்திட்டது 1960 இல் வெளிவந்த அல்கோல் 60 என்னும் மொழியாகும். செய்நிரலைத் தொகுதிகளாகப் பிரித்துத் தொகுதிக்குள் தொகுதி வைக்க அது இடந்தந்தது. உள்ளிருப்பது வெளியிலுள்ள பெயர்களை அறியும். வெளியிலிருப்பது உள்ளேயுள்ள பெயர்களை அறியாது. ஆயினும் ஒரு தொகுதியின் வேலை முடிந்ததும் அதன் உள்ளீடும் பொதுவாக மறைந்துவிடும்.

நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் பணிபுரிந்த ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் இவ்விடத்திலேதான் புதுவழி கண்டனர். வேலை முடிந்த பின்னும் தொகுதியை நினைவகத்தில் நிலைக்கவிட்டனர். அவ்வாறு நிலைத்ததே பொருள் ஆயிற்று. 1967 இல் அவர்கள் வகுத்த சிமுலா 67 மொழியில், தொகுதிக்குள் தொகுதி அமைந்தவாறே வகுப்பினுள் வகுப்பும் அமைந்தது. அம்மொழியின் 'சிமுலேஷன்' என்னும் வகுப்பினுள்ளேயே 'புரோசஸ்' என்னும் வகுப்பு இருந்தது. காலக் கணக்கை வைத்திருப்பது வெளிவகுப்பு. அக்காலத்துள் இயங்குவது உள்வகுப்பு.

இங்கு ஒரு வினா எழுகின்றது. உள்ளிருப்பது வெளியிருப்பதன் பெயரை மட்டும் தாங்குகின்றதா, அன்றி அதனைச் சார்ந்தே வாழ்கின்றதா? சிமுலாவிடம் பாடங்கற்ற பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், தமது சி பிளஸ் பிளஸ் மொழியில் பெயருறவை மட்டுமே வைத்தார். 1996 இல் வெளிவந்த ஜாவாவின் முதற்பதிப்பில் உள்வகுப்பே இல்லை. 1997 இல் வந்த 1.1 பதிப்பு இருவகை உறவையும் தந்தது.

இவ்வேறுபாட்டைக் குச்சவெளியிலேயே காணலாம். முன்னாளில் அவ்வூர் கட்டுக்குளப்பற்று என்னும் பிரிவில் அடங்கியிருந்தது. இன்று குச்சவெளி என்பதே ஒரு பிரதேச செயலாளர் பிரிவின் பெயராக விளங்குகின்றது. மேலுள்ள பிரிவு மாறியும் ஊர் மாறவில்லை. இது பெயருறவு. ஆனால் பிரதேச செயலகத்தின் பதிவேடு அத்தகையதன்று. அச்செயலகம் இல்லையேல் அப்பதிவேட்டுக்குப் பொருளில்லை. இது சார்புறவு.

சார்புறவு வேண்டாத இடத்தில் அதனை வைத்தால் கேடு விளையும். ஜாவாவில் சார்புடைய உட்பொருள் தன் வெளிப்பொருளைப் பற்றிக்கொண்டிருக்கக்கூடும். அவ்வாறு பற்றியிருக்கும் உட்பொருள் பயன்பாட்டில் உள்ளவரை, தேவையற்றுப்போன வெளிப்பொருளும் நினைவகத்தை விட்டு நீங்காது. இத்தகையவை பெருகப் பெருக நினைவகம் நிரம்பிச் செய்நிரல் தடைப்படவுங்கூடும்.

டால், நைகார்ட் இருவருக்கும் 2001 ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பட்டது. 2002 இல் இருவரும் காலமாயினர். ஒரு வகுப்பை மற்றொன்றனுள் வைக்கும்போது, வெளியது நீங்கினும் உள்ளது தனித்து நிற்கவேண்டுமோ என்று முதலில் ஆராய்ந்து தெளிதல் செய்நிரல் எழுதுவோர்தம் கடமையாகும்.