துவைக்கக் கூடாத பை

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மாலை ஆறரைக்கு நின்று பார்த்தால் போதும். தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்காகத் தொங்கும் தோல் பைகள் வரிசையாகப் போகும். சிலவற்றின் விலை என் ஒரு மாதச் சம்பளம். அத்தனையும் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிறவை. போகிற இடமோ சலவைக்காரர்களின் பெயரில் இருக்கிறது.

இப்போது ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாக மறைந்து ஓடுவது அன்று திறந்த ஓடை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துவைத்து, கரையோர வெளியில் காயப்போட்டார்கள். டோபி, காட் இரண்டுமே இந்திச் சொற்கள். தமிழர்கள் இதை வண்ணான் தெரு என்று அழைத்ததுண்டு. 1987ல் நிலையம் திறந்தபோது பலகையில் ஏறியது இந்திப் பெயர்தான். பக்கத்து பிராஸ் பசாவுக்கும் மலாயில் ஈர அரிசி என்று பொருள் சொல்வார்கள். வட்டாரமே ஈரம்தான்.

அந்தப் பை ஏன் நனையக் கூடாது? கடையில் கேட்டால் "நேச்சுரல் லெதர், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். சரியான பதில் ஆவாரம் பட்டையில் இருக்கிறது. பச்சைத் தோல் நனைந்தால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். அதிலுள்ள கொலாஜன் இழைகளோடு பட்டையின் துவர்ப்புப் பொருள் பிணையும்போதுதான் அது பதப்பட்ட தோலாகிறது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு அரைகுறையாகப் பதனிட்ட தோல்கள் லண்டனுக்குக் கப்பலேறின. சந்தையில் அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா லெதர்'. அங்கே மெருகேறிய பிறகு ஆவாரம் பட்டையை யார் நினைத்திருப்பார்கள்!

இந்தப் பிணைப்பு வலுவானதல்ல. தண்ணீர் பட்ட இடத்தில் கறை நிற்கும், வெயிலும் கையெண்ணெயும் நிறத்தைக் கறுக்கவைக்கும். சுமார் 80 டிகிரி வெப்பத்தில் ஈரத்தோல் சுருங்கிவிடும். குரோமிய உப்பால் பதனிட்டதோ கொதிநீரையும் தாங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் அந்த முறையைச் சோதித்தார். பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். இன்று உலகத்துத் தோலில் பெரும்பகுதி குரோம்தான்.

வசதிக்கு விலையும் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலின் சதையைச் சுரண்டியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். துவைத்தவரைப் போலவே இவர்களும் பிறருடைய அழுக்கைக் கையால் தொட்டவர்கள், அதற்காகவே தள்ளிவைக்கப்பட்டவர்கள். கழிவுநீர் பாலாற்றுக்குப் போனது. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகியிருந்ததைக் குறிப்பிட்டது. ஆலை ஒன்றுக்கு அபராதம் 10,000 ரூபாய். அன்றைய மதிப்பில் சுமார் 400 வெள்ளி.

ஒரு பையை இருபது வருடம் காப்பாற்ற எனக்கு அதன் விலையைவிட இது பெரிய காரணம். எனவே காரியத்துக்கு வருவோம். வாங்கும்போதே எப்படிப் பதனிட்டது என்று கேட்டு வையுங்கள். சாயம் பூசாத இளம்பழுப்புத் தோல் என்றால் பெரும்பாலும் பட்டைத்தோல்தான். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும், பூட்டிய அலமாரியில் பூஞ்சை பிடிச்சிடும். பிளாஸ்டிக் உறையை வீசிவிட்டுத் துணிப்பையில் வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல். உள்ளே வெள்ளைத்தாளைத் திணித்தால் வடிவம் நிற்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வாரைப் பிடித்து மாட்டி வைக்காதீர்கள், தைத்த இடம் இழுபடும். புது ஜீன்ஸோடு உரசினால் நீலம் ஏறும், அது போகவே போகாது. சானிட்டைசர் போட்ட கையால் தொட்டால் ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைக்கும். மழையில் நனைஞ்சிடுச்சா? தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம்.