தலைவர் பயிற்றுவிப்பாளரானபோது: வாசுதேவன் பாஸ்கரனும் இந்திய ஹொக்கியின் மாறிய காலமும்

சுருவில், வேலணை, ஊர்காவற்றுறை எனத் தீவகத்தின் விளையாட்டுக் கழகங்களில் ஒரு வழமை உண்டு. நேற்றுவரை ஆடியவர் இன்று கரையில் நின்று இளையவர்களைப் பழக்குவார். நன்றாக ஆடியவர் நன்றாகப் பழக்குவார் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட இந்த நம்பிக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதற்கு வாசுதேவன் பாஸ்கரனின் ஹொக்கி வாழ்க்கை மிகப் பொருத்தமான தமிழ் உதாரணம். 1980இல் தலைவராகத் தங்கம் வென்றவர், 2000இலும் 2006இலும் பயிற்றுவிப்பாளராக வெறுங்கையுடன் திரும்பினார். இதை ஒரு மனிதரின் ஏற்றமும் இறக்கமுமாக எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இடையில் இருந்த இருபது ஆண்டுகளில் ஆட்டமே வேறாகிவிட்டது.

பாஸ்கரன் 1950இல் தமிழ்நாட்டின் ஆரணியில் பிறந்தார். சென்னை லொயோலாக் கல்லூரியில் படித்தார். இடப்புற இடைநிலை ஆட்டக்காரர். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தார். ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அங்கேதான். இந்தியா ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பதக்கமின்றி ஏழாம் இடத்துக்குப் போனதும் அங்கேதான். புற்றரையில் பந்து துள்ளும், தயங்கும். அதைக் கோலோடு அணைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஆளைக் கடப்பது இந்தியரின் கலை. செயற்கைத் தரையில் பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும். அங்கே ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும் பெனால்டி கோர்னருக்கும் விலை கூடியது.

நான்கு ஆண்டுகளின் பின் மொஸ்கோ. ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பை எதிர்த்துப் பல நாடுகள் விலகிக்கொண்டன. மொன்றியலில் பதக்கம் பெற்ற நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பாகிஸ்தான் மூன்றுமே ஆண்கள் ஹொக்கிக்கு வரவில்லை. ஆறு அணிகளே ஆடின. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்ற இந்தியா, போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 எனச் சமநிலையே கண்டது. இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்றது. எதிரணிகள் குறைந்ததால் கிடைத்த தங்கம் என்று அதைத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 3-0 என்று முன்னின்ற அணியை ஸ்பெயினின் ஹுவான் அமாத் மூன்று கோல் அடித்து நெருக்கிய அந்தக் கடைசி நிமிடங்களில், அணியைக் குலையாமல் வைத்திருந்தது களத்துக்குள் நின்ற தலைமைதான். அது இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் ஹொக்கித் தங்கம். ஒன்பதாவது இன்றுவரை வரவில்லை.

களத்துக்குள் நின்ற தலைமை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1980இல் ஆட்களை மாற்றுவதற்குக் கடும் வரையறை இருந்தது. ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பவர் தலைவரே. 1990களில் எத்தனை தடவையும் ஆள் மாற்றலாம் என்ற விதி வந்தது. ஓஃப்சைட் விதியும் அதே பத்தாண்டில் நீக்கப்பட்டது. ஆட்டத்தின் வேகத்தைக் கரையிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. தலைவரின் அதிகாரத்தில் பெரும்பங்கு பயிற்றுவிப்பாளரின் கைக்கு வந்தது. அதோடு அவருக்குத் தேவையான அறிவும் மாறியது, தேவையான காலமும் கூடியது.

அந்தக் காலத்தைத்தான் இந்திய நிர்வாகம் கொடுக்கவில்லை. மொஸ்கோவில் பாஸ்கரனோடு ஆடிய எம்.கே. கௌசிக், 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பயிற்றுவிப்பாளராக 32 ஆண்டுகளின் பின் தங்கம் பெற்றுத் தந்தார். வென்ற கையோடு அவரும் மூத்த வீரர்கள் சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். தங்கம் வென்றவருக்கே அந்த நிலை என்றால், தோற்றவருக்கு என்ன உறுதி இருந்திருக்கும்?

பின்னர் பொறுப்பு பாஸ்கரனிடம் வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆர்ஜென்டினாவை 3-0 என வென்றது. அவுஸ்திரேலியாவுடன் அவர்கள் மண்ணிலேயே 2-2 எனச் சமநிலை கண்டது. தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்று, ஸ்பெயினை 3-2 என வென்றது. கடைசிக் குழு ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னின்று, முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் அடித்தது. 1-1. இந்தியாவும் தென்கொரியாவும் தலா எட்டுப் புள்ளி. கோல் வித்தியாசத்தில் தென்கொரியா அரையிறுதிக்குப் போய் வெள்ளியோடு திரும்பியது. இந்தியாவுக்கு ஏழாம் இடம். பதிவேட்டில் மொன்றியலும் சிட்னியும் ஒரே ஏழு. ஆட்டத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

2006இல் மீண்டும் அழைப்பு. ஜேர்மனியின் மொன்சன்கிளட்பாக்கில் நடந்த உலகக் கிண்ணத்தில் 12 அணிகளில் 11ஆம் இடம். இதைச் சிட்னியைப்போலத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அணி தெளிவாகவே பின்தங்கியிருந்தது. அதன் பின் ஜோக்கிம் கர்வாலோ வந்தார். 2008 மார்ச்சில் சிலியின் சன்தியாகோவில் பிரித்தானியாவிடம் 0-2 எனத் தோற்று, 1928இலிருந்து தவறாது ஆடிவந்த ஒலிம்பிக் வாய்ப்பையே இந்தியா இழந்தது.

வேறொரு நாட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். லத்வியாவின் பனி ஹொக்கி ஆட்டக்காரர் ஹாரிஸ் வீத்தொலின்ஸ், ஆட்டத்தை விட்டபின் நெடுங்காலம் ஒலெக்ஸ் ஸ்னாரொக்ஸ் என்ற தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கு உதவியாளராக அணி அணியாக உடன் சென்றார். பழக்குவதையும் ஒரு தொழிலாகக் கற்றார். பின்னரே தேசிய அணியை ஏற்று, 2023 உலக சாம்பியன்ஷிப் போட்டியில் அமெரிக்காவை 4-3 என வென்று லத்வியாவுக்கு முதலாவது பதக்கமான வெண்கலத்தைப் பெற்றுக் கொடுத்தார். நாடாளுமன்றம் இரவோடிரவாகக் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக்கியது.

இந்தியாவிலும் நிலை மாறியது, காலம் கடந்து. முன்னாள் அவுஸ்திரேலிய வீரர் கிரஹாம் ரீட் 2019இல் பொறுப்பேற்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே அணியோடு உழைத்தார். மொஸ்கோவுக்கு 41 ஆண்டுகளின் பின், 2021 ஓகஸ்டில், ஜேர்மனியை 5-4 என வென்று வெண்கலம் வந்தது. பாஸ்கரனைப் பற்றி எழுதுபவர்கள் சிட்னியின் ஐந்து ஆட்டங்களையும் இந்தக் கால அளவையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.