மேல் வரிசை வீட்டுச் சன்னல்

பூம்பாறையில் என் பெரியம்மா வீடு மேல் வரிசையில் இருக்கிறது. அந்த ஊரின் படத்தை இன்ஸ்டாவில் பார்த்தவர்களுக்குக்கூட மேல் வரிசை என்றால் என்னவென்று புரிந்துவிடும். கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகும் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். வளைவில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் கீழே படிப்படியாகப் பூண்டு வயல்களும், நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் தகரக் கூரை வீடுகளும் தெரியும். சரிவில் கட்டிய ஊர் என்பதால் கீழ் வீட்டின் கூரையும் மேல் வீட்டின் வாசலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். எங்கள் பெரியம்மா சன்னலைத் திறந்தால் மூன்று வரிசைக் கூரைகள், அதற்கு அப்பால் குழந்தை வேலப்பர் கோயில், அதற்கும் அப்பால் மலை.

போன மழைக்காலத்தில் போன் செய்தார்.

"ஏப்பா, கீழ நிக்கிற டவர இன்னும் ஒசத்தப் போறாங்களாம். நம்ம சன்னலுக்கு நேரா வந்துருமாம்."

"நல்லதுதான பெரியம்மா? சிக்னல் நல்லாக் கெடைக்கும்ல?"

"கெடைக்கட்டுமே. யாரு வேணாங்குறா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

லைன் அறுந்துவிட்டது. அந்த ஊரில் அது வழக்கம்தான். மறுபடி பிடிப்பதற்குள் பெரியம்மா அடுப்படிக்குப் போயிருப்பார். அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. இந்த மலையில் எது எவ்வளவு உயரம் நிற்கலாம் என்று இதுவரை யார் முடிவு செய்தார்கள்? யாரைக் கேட்டார்கள்?

*

பழனி மலைக்கு வெளியாட்கள் வந்ததே உயரத்துக்காகத்தான். 1821-ல் லெப்டினன்ட் வார்ட் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இங்கே ஏறி வந்து அளந்தார். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது, சூரியனைப் பார்க்கத் தெளிவான வானம் வேண்டும் என்று சென்னையில் இருந்த வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு ஏறியது. அங்கே வேலை செய்த எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-ல் கண்டுபிடித்தார். அதற்கு இன்றும் அவர் பெயர்தான்.

பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'கோடை பண்பலை 100.5' என்பது ஒரு குரல், ஒரு மாலை நேரம். அந்த அலை அவ்வளவு தூரம் இறங்கி ஓடியதற்குக் காரணம் மலை. சமவெளியில் எவ்வளவு பெரிய கம்பம் நட்டாலும் கிடைக்காத உயரத்தை மலை சும்மா கொடுத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அளந்தவர், வானத்தைப் பார்த்தவர், பாட்டு அனுப்பியவர் எல்லோருக்குமே மலை ஒரு மேடை. மேடையில் குடியிருப்பவர்களை யாரும் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை. உயரம் என்பது இங்கே ஒரு சண்டையாக மாறியது 1990-களில்தான்.

*

கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்று ஒரு ஹோட்டல். இரண்டு தளத்துக்கு மேல் கூடாது என்ற இடத்தில் அது ஏழு தளங்களாக எழுந்தது. ஏழு தளமும் ஒரே ராத்திரியில் எழவில்லை. ஒவ்வொரு தளமும் முந்தைய தளத்தின் மேல் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று ஏறியது. அப்படித்தான் எந்த விதிமீறலும் வளர்கிறது.

1985-ல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 1994-ல் மாநில அரசு அந்தக் கட்டடத்துக்கு விதிகளிலிருந்து விலக்கு அளித்து ஆணை போட்டது. வரிசையைப் பாருங்கள். முதலில் கட்டடம், பிறகு அனுமதி. விதி கட்டடத்தை அளப்பதற்குப் பதிலாக, கட்டடத்தின் அளவுக்கு விதி தைக்கப்பட்டது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டட விதிமீறல் வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் பெயர் அது.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை ஹோட்டலோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. விலக்கு அளித்த விவகாரம் ஊழல் வழக்காகி, 2000 பிப்ரவரி 2-ல் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்றே தமிழகம் முழுவதும் கலவரம். தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ் எரிக்கப்பட்டது. மூன்று மாணவிகள் இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. பஸ்ஸில் போன மூன்று பேருக்கும் இந்தத் தீர்ப்புகளில் எதற்கும் தொடர்பில்லை. கொடைக்கானலில் ஒரு கட்டடம் எத்தனை மாடி என்ற கேள்வி, அதைக் கேள்விப்பட்டே இராத மூன்று பெண்களின் உயிரில் போய் முடிந்தது.

இதை எழுதும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. டவரைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் ஹோட்டலைப் பற்றிப் பேசுகிறேன்? காரணம் எளிது. தளத்துக்கு 3 மீட்டர் என்று வைத்தாலும் அந்த ஹோட்டல் 21 மீட்டர்தான். ஊர்ப்புறத்தில் தரையில் நடும் ஒரு செல்போன் டவர் சாதாரணமாக 40 மீட்டர் போகும். ஏழு மாடிக்காக இந்த மாநிலம் அப்படி எரிந்தது. அதைப்போல இரண்டு மடங்கு உயரமானது பூண்டு வயல் ஓரத்தில் நிற்கிறது, நாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

*

இன்னொரு தற்செயல். உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்த அதே 1995-ல், ஜூலை 31 அன்று, இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேசினார், டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் எடுத்தார்.

அதற்குப் பிறகு டவர்கள் வந்தன, பயமும் வந்தது. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற வகையில் சேர்த்தது. அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தவை காதோடு ஒட்டி வைத்துப் பேசும் போனைப் பற்றிய ஆய்வுகள். தூரத்தில் நிற்கும் டவர் அல்ல. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆகவே 'டவர் வந்தா கேன்சர் வரும்' என்று பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் அப்படிக் கேட்கவில்லை.

ஆனால் அவர் சொன்ன சன்னல் விஷயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஆன்டெனா கீழ்நோக்கிக் கொட்டுவதில்லை, டார்ச் லைட் மாதிரி முன்பக்கம் அடிக்கிறது. அதனால்தான் தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள கட்டடங்களுக்கு இடைவெளி குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35, எண்ணிக்கை கூடக்கூட இடைவெளியும் கூடும். சமவெளியில் டவரை உயர்த்தினால் ஆன்டெனா மக்களை விட்டு விலகிப் போகும். சொல்லப்போனால் அது நல்லது. பூம்பாறை மாதிரி சரிவில் கதை தலைகீழ். கீழ் வரிசையில் இருந்து உயரும் டவர், மேல் வரிசை வீட்டின் சன்னல் மட்டத்துக்கு வந்து சேர்கிறது. சமவெளியை மனதில் வைத்து யோசிப்பவருக்கு 'உயரம் கூட்டுகிறோம்' என்பது பாதுகாப்பு. பெரியம்மாவுக்கு அது பக்கத்தில் வருவது.

அடுத்தது காற்று. டவரின் அடிவாரத்தில் காற்று உண்டாக்கும் விசை உயரத்தோடு நேராகக் கூடாது, உயரத்தின் வர்க்கத்தோடு கூடும். மேலே போகப்போகக் காற்றின் வேகமும் கூடும் என்பதை விட்டுவிட்டாலும்கூட, 40 மீட்டரை 44 ஆக்கினால் உயரம் 10 சதவீதம்தான் கூடுகிறது, அஸ்திவாரம் தாங்க வேண்டிய சாய்க்கும் விசை 21 சதவீதம் கூடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறி இந்த மலை வரை வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மரங்கள் விழுந்து, ரோடு அறுந்து, மண் சரிந்து கிடந்தது. 'இன்னும் நாலு மீட்டர்தானே' என்று இங்கே யாரும் லேசாகச் சொல்ல முடியாது.

*

சரி, யாரைக் கேட்க வேண்டும்?

டவரின் உயரத்தை டெல்லியில் ஒரு குழு பார்க்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வரும் சாக்ஃபா. விமானத்துக்கு இடைஞ்சலா, இன்னொரு அலைவரிசைக்கு இடைஞ்சலா என்று அது பார்க்கும். பெரியம்மாவின் சன்னல் அதன் வேலை இல்லை. உள்ளூரில் யார் பார்ப்பது? 2016 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிகள், விண்ணப்பத்தை 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்றன. 2022 ஆகஸ்ட் திருத்தம் இன்னும் ஒரு படி போனது. தனியார் நிலத்தில் என்றால் அனுமதியே வேண்டாம், எழுத்தில் தெரிவித்து, கட்டுமானச் சான்றைக் கொடுத்தால் போதும். பிறகு 2023-ன் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும், அதன்கீழ் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளும் பழையவற்றின் இடத்தைப் பிடித்தன. காட்டு நிலத்துக்கும் மலைப்பகுதிக் கட்டுமானத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நான் தேடியது, பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்துக் கேட்கும் ஒரு மேசையை. நிலத்துக்காரருக்கு வாடகை, நிறுவனத்துக்கு டவர், இருவருக்கும் ஒப்பந்தம். மூன்றாவது நாற்காலி போடவே இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் குடியிருப்புப் பகுதியில் என்ன கட்டலாம் என்பதை ஊர் வாரியம் பொது விசாரணை வைத்து முடிவு செய்யும். 1996-ன் சட்டம் ஒரு கட்டுப்பாடு போட்டது: மத்திய வரம்புக்குள் இருக்கும் டவரைக் கதிர்வீச்சு பயம் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது. 2012-ல் வந்த சட்டம், ஏற்கெனவே நிற்கும் டவரின் அளவைப் பெரிதாக மாற்றாத விண்ணப்பத்தை ஊர் மறுக்கவே முடியாது என்றது. பெரிய மாற்றம் என்றால் என்ன? பொதுவாக 10 சதவீதம், அல்லது புதிய ஆன்டெனா வரிசையோடு சுமார் 20 அடி, இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால்தான். அதாவது முதல் டவருக்குக் கேள்வி கேட்கலாம், அது வளரும்போது கேட்க முடியாது. 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கு அங்கே சட்டமே ஒரு அளவு வகுத்துக் கொடுத்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ராத்திரி பிரசவ வலி வந்தால் 108-ஐக் கூப்பிட சிக்னல் வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டுக்கு அன்றைய விலை என்ன என்று தெரிய சிக்னல் வேண்டும். பொதுமுடக்கத்தின்போது எங்கள் வீட்டுப் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேல் ஏறி உட்கார்ந்திருந்தான், பெரியம்மா கீழே குடையோடு நின்றார். மலை மடிப்பில் இருக்கும் ஊருக்கு உயரமில்லாமல் அலை வராது. ஒவ்வொரு டவருக்கும் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்தினால் காத்துக் கிடப்பது கொடைக்கானல் ஹோட்டல்கள் இல்லை, பூம்பாறையும் கூக்கலும் கவுஞ்சியும்தான்.

அதனால் 'வேண்டாம்' என்பது என் பதில் இல்லை. பெரியம்மா பதிலும் இல்லை. பிளசன்ட் ஸ்டே விவகாரத்தில் நான் கண்டது இதுதான்: கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கப்படாத கேள்வி, நிறைய விலை வாங்கிக்கொண்டு பிறகு வரும். கேட்பதற்கு ஒரு மேசை போட ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, கிராம சபைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எதிர்ப்பு மனு இல்லை, மூன்று கேள்விகள். இப்போது எத்தனை மீட்டர், உயர்த்திய பிறகு எத்தனை மீட்டர்? கூடுதல் உயரத்துக்கு இந்த அஸ்திவாரம் தாங்கும் என்று சான்று தந்தது யார்? ஆன்டெனாவின் முன்பக்கத்தில் இருந்து மேல் வரிசைச் சன்னல்கள் எத்தனை மீட்டர்?

பெரியம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நாலாவதா ஒண்ணு சேத்துக்க" என்றார்.

"என்ன?"

"இத ஏன் எங்ககிட்ட மொதல்லயே சொல்லலன்னு."

சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. சன்னல் திறந்தே இருக்கிறது.